கீழாநெல்லி தனியிலையா, கூட்டிலையா? இலை தண்டோடு ஒட்டும் இடம் பற்றி ஒரு சந்தேகம்

ஊருணிக்கரை (காரைக்குடி):

எல்லோருக்கும் வணக்கம். மகள் பதினொன்றாம் வகுப்பு. இலை ஆல்பம் செய்யச் சொல்லியிருந்தார்கள். இலையை மட்டும் கிள்ளி ஒட்டக்கூடாது, அது தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்படி ஒரு துண்டுத் தண்டோடு சேர்த்து ஒட்ட வேண்டும். நல்ல வேலைதான். கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை, துளசி, செம்பருத்தி இருக்கின்றன. ஊருணிக் கரையில் எருக்கு, ஆவாரை, நொச்சி, கீழாநெல்லி கிடைத்தன. பறித்துத் தினத்தாளுக்குள் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றிக் காயவைத்து ஒட்டினாள்.

ஆல்பம் திரும்பி வந்தபோது கீழாநெல்லிப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மை. அவள் "தனியிலை, மாற்றிலையமைவு" என்று எழுதியிருந்தாள், அதாவது சிற்றிலைகளாகப் பிரியாத இலை, தண்டில் மாறி மாறி ஒவ்வொன்றாக நிற்பது. அதை அடித்துவிட்டுக் "கூட்டிலை" (பல சிற்றிலைகள் சேர்ந்த ஒரே இலை) என்று திருத்தி, மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறார்கள். அவள் விடுவதாக இல்லை. "காய் எங்கே இருக்குன்னு பாருங்கப்பா" என்கிறாள். பார்க்க எனக்கும் கூட்டிலை போலத்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். படம் ஏற்ற முடியவில்லை. செடி எல்லோர் வீட்டு வாசலிலும் மழைக்குப் பிறகு முளைத்துக் கிடப்பதுதான்.

கோட்டையூரான்:

இதில் சந்தேகம் என்ன இருக்கிறது அண்ணே? கூட்டிலைதான். ஒரு புளிய இலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஓர் ஈர்க்கு, இரண்டு பக்கமும் பொடி இலை. புளி கூட்டிலை என்றால் இதுவும் கூட்டிலைதான். பிள்ளைக்குச் செல்லம் கொடுத்து ஆசிரியரோடு சண்டைக்கு அனுப்பாதீர்கள்.

கணு (தேவகோட்டை):

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பிள்ளை எழுதியது சரி. கீழாநெல்லி தனியிலை. அவள் காயைப் பார்க்கச் சொன்னதும் சரியான இடத்தைத்தான்.

இலை எது, சிற்றிலை எது என்பதை உருவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. அளவை வைத்தும் முடியாது. இலைக்கக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். தண்டில் இலை முளைக்கும் இடம் கணு. அந்தக் கணுவில், இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கிற மூலையில் ஒரு மொட்டு இருக்கும். கோணமொட்டு என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். பின்னால் கிளையாவதும் பூவாவதும் அதுதான். சில செடிகளில் அது வெறும் புள்ளியாகக் கடைசிவரை தூங்கும். எப்படியிருந்தாலும் மொட்டு இலையின் கக்கத்தில் இருக்குமே தவிர, சிற்றிலையின் கக்கத்தில் இருக்காது.

கறிவேப்பிலையில் சோதித்துப் பாருங்கள். ஓர் இணுக்கை முழுதாகக் கீழ்நோக்கிப் பிடித்து இழுத்தால் அடியில் சற்றுத் தடித்த பாகத்தோடு பிய்ந்து வரும். பிய்ந்த தழும்புக்கு நேர் மேலே தண்டில் பொடி மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இணுக்கில் ஒவ்வொரு சிற்றிலையும் ஈர்க்கோடு சேரும் மூலையைப் பாருங்கள், அங்கே ஒன்றுமே இருக்காது. ஆக அந்த இணுக்கு முழுதும் சேர்ந்துதான் ஓர் இலை. முருங்கையில் இது இன்னும் பெரிது. முழங்கை நீளத்துக்குக் கிளை கிளையாகப் பிரிந்து தொங்குகிறதே, அத்தனையும் ஒரே இலை. மூன்று தடவை பிரிந்த கூட்டிலை.

இப்போது கீழாநெல்லி. பக்கக் குச்சி ஒன்றைத் திருப்பிப் பிடியுங்கள். ஒவ்வொரு குட்டி இலைக்கும் அடியில், அதன் கக்கத்திலிருந்து சின்னக் காம்போடு உருண்டைக் காய் தொங்கும். பெயரே அதைப் பார்த்து வைத்ததுதான். சிற்றிலையின் மூலையில் பூவும் வராது, காயும் வராது. காய் வந்தால் அது முழு இலை, அதைத் தாங்குகிற ஈர்க்கு ஒரு கிளை. அந்தக் கிளை நடுத்தண்டோடு சேரும் இடத்தில் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காய்ந்த செதில் ஒன்று தெரியும். நடுத்தண்டுக்கு உரிய இலை அதுதான், சுருங்கிச் செதிலாகிவிட்டது. அதன் கக்கத்திலிருந்துதான் கிளை கிளம்புகிறது. பச்சையாக விரிந்து வேலை செய்கிற பொறுப்பைக் கிளையில் இருக்கும் இலைகள் எடுத்துக்கொண்டன. நெல்லி மரமும் அரைநெல்லியும் கீழாநெல்லியின் இனத்தைச் சேர்ந்தவைதான், அவற்றிலும் இதே அமைப்புதான்.

கோட்டையூரான்:

ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் பெரிய நெல்லி மரம் நிற்கிறது. அது இலை கொட்டும்போது ஒவ்வொரு பொடி இலையாக மட்டும் கொட்டுவதில்லை. ஈர்க்கோடு சேர்த்து முழுசாகவும் விழுகிறது. முற்றம் கூட்டுகிறவர்களைக் கேளுங்கள், திட்டிக்கொண்டேதான் கூட்டுவார்கள். கிளை எங்காவது வருஷா வருஷம் தானாக உதிருமா? உதிர்வது இலைதானே?

கணு (தேவகோட்டை):

நல்ல கேள்வி தம்பி. வகுப்பில் இதை யாராவது கேட்டால் அன்றைக்குப் பாடம் நன்றாக நடந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

கிளையும் உதிரும். எல்லா மரத்திலும் இல்லை, சிலவற்றில். நெல்லியின் பக்கக் குச்சிகள் அந்த வகை. கொஞ்ச காலம் வளர்ந்து, இலை தாங்கி, நிலைத்து நிற்காமல் மொத்தமாகக் கழன்றுவிடும். உதிர்கிறது என்பதை மட்டும் வைத்து அது இலை என்று சொல்லிவிட முடியாது. பூவும் பிஞ்சும்கூடத்தான் உதிர்கின்றன.

இன்னோர் அடையாளம் நுனி. இளம் நெல்லிக் குச்சியின் நுனியில் வளர்மொட்டு இருக்கும். அடியில் இருக்கிற இலைகள் விரிந்து முற்றின பிறகும் நுனியில் புது இலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். கறிவேப்பிலை இணுக்கின் நுனியில் அப்படி மொட்டு கிடையாது, ஒரு சிற்றிலையோடு முடிந்துபோகும். புளியில் கடைசி ஜோடியோடு முடியும். உங்கள் புளிய இலையை எடுத்து ஒவ்வொரு சிற்றிலையின் மூலையையும் தேடுங்கள். மொட்டு ஒன்றாவது கிடைத்தால் எழுதுங்கள்.

வளவு ஆச்சி (பள்ளத்தூர்):

தாவரவியல் எல்லாம் எனக்குத் தெரியாது, சமையல் தெரியும். முருங்கை பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் பறித்த முருங்கைக் கீரையைப் பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டால், காலையில் எடுத்து உதறினாலே இலை எல்லாம் கொட்டிவிடும். ஒவ்வொன்றாக உருவ வேண்டியதில்லை. எங்கள் அப்பத்தா அப்படித்தான் செய்வார்கள். கல்யாண வீட்டுக்கு மூட்டை மூட்டையாக வந்தாலும் இதே வழிதான். ஆனால் தண்டுக்கீரையை அப்படிச் சுற்றி வைத்தால் வாடித் தொங்குமே தவிர உதிராது. அது ஏன் அப்படி?

கணு (தேவகோட்டை):

ஆச்சி, நீங்கள் கேட்டதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது.

முருங்கையின் ஒவ்வொரு சிற்றிலைக்கும் அடியில் ஒரு மூட்டு உண்டு. அங்கே உதிர்வுக்கென்றே மெல்லிய செல் அடுக்கு ஒன்று தயாராகும். இலை நலமாக இருக்கும்வரை அதிலிருந்து ஆக்சின் என்ற ஊக்கி காம்பு வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டம் இருக்கிறவரை அடுக்கு அசையாது. பறித்த பிறகு, வெளிச்சமும் இல்லாத இடத்தில் ஆக்சின் குறைகிறது. கூடவே எத்திலீன் என்ற வாயுவை இலை வெளிவிடும். வாழைத்தாரைப் பழுக்க வைக்கிறதும் இந்த வாயுதான். துணிக்குள் அடைபட்டால் அது வெளியே போகாது. அந்த அடுக்கில் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைய ஆரம்பிக்கும். கரைந்தபின் உதறினால் போதும்.

இதற்குச் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும், அது முக்கியம். அதே கீரையை வெயிலில் போட்டுச் சடசடவென்று காயவைத்தால் அந்த அடுக்கு வேலை செய்யாமலேயே செத்துவிடும், இலை நொறுங்குமே தவிர மூட்டில் கழலாது. 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு புதுக்கோட்டைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். முறிந்து தொங்கிய கிளைகளில் இலை பழுப்பாகக் காய்ந்தும் விழாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. உயிரோடு இருக்கிற கிளைதான் இலையை உதிர்க்கும், செத்த கிளையால் முடியாது. தண்டுக்கீரை ஒரு பருவத்துச் செடி, அதன் இலைக்காம்பில் முருங்கையின் அளவுக்குத் தெளிவான மூட்டு இல்லை. அதனால் வாடும்.

ஊருணிக்கரை (காரைக்குடி):

மகள் இந்தப் பதிலை வரி விடாமல் படித்தாள். அவளுக்கு இரண்டு கேள்வி. எருக்குக்குக் காம்பே காணோம், அதை எப்படி எழுதுவது? ஆவாரையில் கூட்டிலையின் அடியில் இரண்டு பக்கமும் வட்டமாகப் பச்சையாக ஏதோ இருக்கிறது, அது இலையா, சிற்றிலையா? அவள் அதை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டிருக்கிறாள்.

கணு (தேவகோட்டை):

எருக்கு காம்பற்ற இலை. அடிப்பாகம் இதய வடிவில் இரண்டு மடலாகித் தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும். ஒரு கணுவில் எதிரெதிரே இரண்டு. அடுத்த கணுவில் அந்த ஜோடி குறுக்காகத் திரும்பியிருக்கும். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி தெரியும். துளசியிலும் நொச்சியிலும் இதே குறுக்கு அமைவுதான், ஆனால் அவற்றுக்குக் காம்பு உண்டு. நொச்சியில் மூன்றோ ஐந்தோ விரலாகப் பிரிந்தது ஒரே இலை. எருக்கம்பாலைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுகிறவர்களே கையைக் கழுவாமல் கண்ணைத் தொடுவதில்லை.

ஆவாரையில் அவள் பார்த்தது இலையடிச் செதில். பல செடிகளில் இது முள்ளளவு இருந்து சீக்கிரம் விழுந்துவிடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆவாரையில் பெரிதாகக் காது வடிவில் கடைசிவரை நிற்கும். அறிவியல் பெயரில் வருகிற ஆரிகுலேட்டா என்பது இந்தக் காதைக் குறிப்பதுதான். செம்மண் மேட்டில் ஆவாரை பூக்கிற காலத்தில் பூவைப் பறித்துக்கொண்டு போகிறோம், இதை ஒருவரும் பார்ப்பதில்லை. கைக்கண்ணாடி இருந்தால் ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவே நிற்கும் சின்னச் சுரப்பியையும் பார்த்துவிடட்டும்.

இந்தச் செதில் எடுக்காத வேஷம் இல்லை. இலந்தையில் அது முள்ளாகிவிடும், ஒன்று நேராக, ஒன்று கொக்கியாக. கருவேலில் ஜோடி வெள்ளை முள். ஆலமரத்தில் நுனி மொட்டை மூடும் கூர்மையான உறை. புது இலை விரிந்ததும் உறை விழுந்து, குச்சியைச் சுற்றி வளையமாகத் தழும்பு விடும். ஆலங்குச்சியால் பல் துலக்குகிறவர்கள் தினமும் அந்த வளையத்தைக் கையில் பிடித்திருக்கிறார்கள்.

புதுவயல் விவசாயி:

நீங்கள் எல்லோரும் ஆல்பத்துக்காகப் பேசுகிறீர்கள், எங்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. எங்கள் பக்கம் கண்மாய்த் தண்ணீரை நம்பிப் புழுதியில் நேரடியாக விதைக்கிறோம். நாற்று நட்ட வயலில் வரிசையில் நிற்பது நெல், நடுவில் முளைத்தது களை என்று கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கலாம். புழுதி விதைப்பில் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் கிளம்பும். அதில் குதிரைவாலி இனத்துக் களை அச்சு அசல் நெல்லாகவே நிற்கும். கதிர் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? அதற்குள் உரத்தை எல்லாம் தின்று முடித்திருக்கும்.

அடையாளம் இலை தண்டை விட்டு விலகுகிற மூலையில்தான் இருக்கிறது. நெல்லின் இலை கணுவில் தொடங்கி முதலில் உறையாகத் தண்டைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும், அப்புறம்தான் தாளாக விலகும். விலகும் இடத்தில் உள்பக்கம் வெள்ளைச் சவ்வாக ஒரு நாக்கு, நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். ஓரங்களில் மயிரோடு சின்னக் காது. குதிரைவாலிக் களையில் நாக்கும் இல்லை, காதும் இல்லை, மூலை வெறுமையாக மழமழவென்று இருக்கும். இலையைப் பின்னால் மெல்ல வளைத்தால் போதும். களை எடுக்க வருகிற அக்காமார்களுக்கு வளைக்கவே தேவையில்லை, நடந்துகொண்டே பிடுங்குவார்கள். எனக்கு இன்னும் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

கோரை வேறு. அதன் தண்டை விரலால் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், இலையும் மூன்று வரிசையில் கிளம்பும். புல்லின் உறை ஒரு பக்கம் திறந்து ஒன்றின்மேல் ஒன்று மடிந்திருக்கும், கோரையின் உறை குழாயாக மூடியிருக்கும். புல்லுக்கு அடிக்கிற மருந்து எல்லாம் கோரையைக் கொல்லாது, அதனால் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கண்டனூர்க்காரி:

அண்ணன் சொன்ன உறைதான் வாழையிலும். நாம் வாழைமரம் என்று கட்டிப்பிடிப்பது மரமே இல்லை, இலையடி உறைகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு நிற்பது. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். பூக்கிற சமயத்தில்தான் உறைகளின் நடுவே ஏறி வரும். கூட்டு வைக்கிறோமே வாழைத்தண்டு, அது அப்படி ஏறி வந்ததுதான். பூ மடிக்கிற பட்டை உறை, மாலை கட்டுகிற நார் உறையிலிருந்து கிழிப்பது. இலை, காம்பு, உறை என்று மூன்றையும் வீட்டில் தனித்தனி வேலைக்கு வைத்திருக்கிறோம்.

நான் கொட்டான் (ஓலைக்கூடை) முடைகிறேன். பனையில் எங்களுக்கு வேண்டியது விரியாத குருத்தோலை, அதிலும் ஈர்க்கை நீக்கிவிடுவோம். ஆனால் மட்டை மரத்தைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஓரமெல்லாம் கருக்கு, தொடையைக் கிழித்துவிடும். அடியில் மட்டை அகன்று மரத்தைப் பிடித்திருக்கும். மரம் பருக்கப் பருக்க அந்த அடி நடுவில் பிளந்துகொள்ளும். இளம் பனையில் காய்ந்த மட்டைகள் வருஷக்கணக்கில் பாவாடையாகச் சுற்றி நிற்பதும், வயதான பனை மொழுமொழுவென்று வளையத் தழும்போடு இருப்பதும் இதனால்தான். தென்னையில் பிளவுக்குப் பதில் பன்னாடை. அதுவும் மட்டையின் உறை நைந்து நாரானதுதான், பதநீர் வடிகட்ட அந்தக் காலத்தில் இதைத்தான் வைத்திருந்தார்கள்.

செம்மண்மேடு:

பனையும் தென்னையும் வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. தொல்காப்பியம் மரபியலில் வெளிப்பக்கம் வயிரம் (கெட்டியான கட்டைப் பாகம்) உள்ளவை புல், உள்ளே வயிரம் உள்ளவை மரம் என்று பிரித்திருக்கிறார்கள். பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். இன்றைய ஒருவித்திலைத் தாவரக் கணக்கும் அவற்றை நெல்லோடுதான் சேர்க்கிறது. இதைப் பற்றி விரிவாக…

கோட்டையூரான்:

விரிவாக வேண்டாம் நண்பரே, தனி இழை ஆரம்பியுங்கள், நானே வந்து சண்டை போடுகிறேன். இங்கே தலைப்பு கீழாநெல்லி.

கணு ஐயா, புளிய இலை பார்த்தேன், மொட்டு கிடைக்கவில்லை. சரி. ஆனால் உங்கள் விதி எல்லா இடத்திலும் நிற்குமா? சவுக்கு ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இலை. அதுவும் முழுசாக உதிர்கிறது. மொட்டு எங்கே?

கணு (தேவகோட்டை):

சவுக்கு ஊசி இலை இல்லை தம்பி, குச்சி. ஊசியில் மூட்டு மூட்டாக இருக்கும், சின்ன வயதில் பிய்த்துப் பிய்த்துத் திரும்பச் சொருகி விளையாடியிருப்பீர்கள். அந்த மூட்டுதான் கணு. ஒரு மூட்டைப் பிய்த்து, விளிம்பைக் கண்ணாடியில் பாருங்கள். பொடிப்பொடியாக ஆறு முதல் எட்டுப் பல் வட்டமாக நிற்கும். அவைதான் சவுக்கின் இலைகள். வட்ட இலையமைவு, அரளியில் மூன்று நிற்பது போல இங்கே இத்தனை. இலை பல்லளவுக்குச் சுருங்கி, பச்சையத்தைக் குச்சியிடம் கொடுத்துவிட்டது. நீங்கள் முன்னால் கேட்டீர்களே, கிளை வருஷா வருஷம் உதிருமா என்று. சவுக்கைத் தோப்பில் கால் புதைகிற அளவுக்குக் கிடப்பது அத்தனையும் உதிர்ந்த குச்சிதான்.

இதற்கு நேர் எதிரும் உண்டு. சாலையோரம் வைத்திருக்கிற ஆஸ்திரேலிய அக்கேஷியாவில் அரிவாள் வளைவில் தடிப்பாகத் தொங்குவது இலைத்தாள் இல்லை, தட்டையாகிப்போன காம்பு. நாற்றாக இருக்கும்போது முதலில் நம் வேலமரத்துக் கூட்டிலை மாதிரி ஒன்றிரண்டு வரும். அப்புறம் சிற்றிலைகள் காணாமல் போய்க் காம்பு மட்டும் அகலமாகும். அதன் கக்கத்திலும் மொட்டு இருக்கும், போய்ப் பாருங்கள்.

வளவு ஆச்சி (பள்ளத்தூர்):

அப்படியானால் தாமரை இலை? ஊருணியில் தாமரையும் அல்லியும் சேர்ந்து கிடந்தால் பூக்காத நாளில் எங்கள் பேரனுக்கு வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை.

கணு (தேவகோட்டை):

காம்பு எங்கே சேர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள் ஆச்சி. தாமரையில் இலையின் நட்டநடுவில், அடிப்பக்கத்தில் சேரும், விளிம்பில் வெட்டே இருக்காது. அல்லியில் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு பிளவு வந்து, அது முடிகிற இடத்தில் காம்பு. தாமரை தண்ணீருக்கு மேலே தூக்கியும் நிற்கும், அல்லி இலை பெரும்பாலும் மிதக்கும். நடுவில் காம்பு சேர்வதைத் தரையில் பார்க்க வேண்டுமானால் ஆமணக்கு இருக்கிறது.

ஊருணிக்கரை (காரைக்குடி):

எல்லோருக்கும் நன்றி. மகள் கீழாநெல்லியைக் காயோடு புதிதாகப் பறித்து, அடிச்செதில் தெரியும்படி கண்ணாடித்தாளுக்குள் வைத்து ஆசிரியரிடம் கொண்டுபோகிறாள். மதிப்பெண் தருவது அவர்கள் இஷ்டம். சவுக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டாள். எங்கள் தெருவில் சவுக்கு இல்லை, யாராவது தொண்டிப் பக்கம் போகிறீர்களா?

கோட்டையூரான்:

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகிறேன் அண்ணே. ஒரு கொத்து ஒடித்து வருகிறேன். பல்லை நானும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தருவேன்.